இலங்கையின் பழம்பெரும் விகாரைகள்: பயணிகள் கண்டதும் காண்பதும்

இலங்கையின் மிகப் பழைய பௌத்தத் தலங்கள் பெரும்பாலும் மழை குறைந்த வடமத்தியச் சமவெளியில்தான் இருக்கின்றன. அனுராதபுரம், மிகிந்தலை, தம்புள்ளை, பொலன்னறுவை ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று சில மணி நேரச் சாலைப் பயணத்துக்குள் அடங்கிவிடும். வறண்ட நிலத்தில் இவ்வளவு பெரிய கட்டடங்கள் எழுந்ததற்குக் காரணம் குளங்கள். மன்னர்கள் வெட்டிய குளங்களில் மழைநீர் தேங்கியது, வயல் விளைந்தது. அந்த நெல்லில்தான் ஆயிரக்கணக்கான பிக்குகள் உண்டார்கள், கோடிக்கணக்கில் செங்கல் சுடப்பட்டது. 13-ம் நூற்றாண்டில் படையெடுப்புகளாலும் உட்பூசல்களாலும் அரசு தென்மேற்கே நகர்ந்தது. குளக்கரைகள் உடைந்தன. மலேரியா பரவியது. ஊர்கள் காடாயின.

இன்று இங்கே போகிறவர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்குள் நுழைகிறார். ஒன்று, நுழைவுச்சீட்டும் பெயர்ப்பலகையும் உள்ள தொல்லியல் களம். யுனெஸ்கோ 1982-ல் அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் 1991-ல் தம்புள்ளையையும் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. மற்றொன்று, பூத்தட்டோடு மக்கள் வந்து நிற்கும் கோயில். வெளியூர்க்காரர் முதலில் பார்ப்பது இடிபாட்டை. உள்ளூர்ப் பக்தருக்கோ அது இன்றைக்கும் பூசை நடக்கும் சந்நிதி. பயணிகளின் அனுபவங்கள் பலவும், அவர்களுக்கு நேரும் சங்கடங்களும், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிறக்கின்றன.

முன்னே போனவர்கள்

இத்தலங்களைப் பற்றி விரிவாக எழுதிவைத்த வெளிநாட்டுப் பயணிகளில் மிக முந்தியவர் சீனத்துறவி பாஹியான். 399-ல் சீனாவிலிருந்து நடந்தே கிளம்பியவர், வட இந்தியாவைச் சுற்றிவிட்டு, வங்கத்தின் தாம்ரலிப்தித் துறைமுகத்தில் கப்பலேறி 14 நாளில் இலங்கை சேர்ந்தார். 5-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈராண்டு அனுராதபுரத்தில் தங்கினார். அபயகிரி விகாரையில் 5,000 பிக்குகள், மகாவிகாரையில் 3,000 பிக்குகள், மிகிந்தலை மலையில் 2,000 பிக்குகள் இருந்ததாக அவர் குறிப்பு சொல்கிறது. புத்தரின் பல்லான தந்ததாதுவின் ஊர்வலத்துக்குப் பத்து நாள் முன்பே யானைமேல் ஒருவர் முரசறைந்து அறிவித்ததையும், ஊர்வலப் பாதையின் இருபுறமும் போதிசத்துவரின் பிறவிக் கோலங்கள் வண்ணம் தீட்டி நிறுத்தப்பட்டதையும் அவர் விவரிக்கிறார்.

அபயகிரியில் பச்சை ஜேட் கல்லில் செய்த பெரிய புத்தர் சிலைமுன் நின்றபோது, யாரோ ஒரு வணிகர் காணிக்கையாக வைத்த வெள்ளைப் பட்டு விசிறி அவர் கண்ணில் பட்டது. சீனத்து விசிறி. ஊரைவிட்டு வந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. கூட வந்த துறவிகளில் சிலர் இறந்துபோயிருந்தனர், சிலர் பிரிந்துபோயிருந்தனர். விசிறியைக் கண்டதும் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த ஜேட் சிலை இன்று இல்லை. விசிறியைப் பற்றிய சில வரிகள் 1,600 ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன.

அதே நூற்றாண்டில் தமிழகத்திலிருந்தும் துறவிகள் போய்வந்தனர். பாலி மொழியில் நூல்கள் இயற்றிய புத்ததத்தர் சோழநாட்டு உரகபுரத்தவர். அவ்வூர் உறையூர் என்பது அறிஞர் பலரின் கருத்து. அவர் கல்வி கற்றது அனுராதபுரத்து மகாவிகாரையில். விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசரும் அங்கிருந்துதான் எழுதினார். அக்காலத்தில் அனுராதபுரம் வழிபாட்டுத் தலமாக மட்டும் இருக்கவில்லை. ஏடு படிக்கவும் படியெடுக்கவும் கடல் கடந்து வரும் இடமாகவும் இருந்தது. பாஹியானும் சீனத்தில் கிடைக்காத சில நூல்களைப் படியெடுத்துக்கொண்டுதான் கப்பலேறினார்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவ்வழியே போன ராபர்ட் நாக்ஸின் நிலை வேறு. 1660-ல் கண்டி அரசிடம் பிடிபட்ட ஆங்கிலேயக் கடலோடியான அவர் 19 ஆண்டுகள் சிறைக்காவலில் கழித்தபின் 1679-ல் தோழர் ஒருவருடன் தப்பினார். அனுராதபுரத்தைக் கடந்து, தமிழர் அருவியாறு என்றும் சிங்களவர் மல்வத்து ஓயா என்றும் சொல்லும் ஆற்றின் கரையோடு நடந்து, மன்னார் பக்கம் அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டையை அடைந்தார். காட்டுக்குள் நிமிர்ந்து நின்ற செதுக்கிய கற்றூண்களையும் கற்குவியல்களையும் பார்த்து, முன்பு இவை கட்டடங்களாக இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து எழுதினார். யானைக்கும் காவலாளிக்கும் பயந்து ஓடியவருக்கு அதற்குமேல் பார்க்க நேரமில்லை.

19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அதிகாரிகள் வந்தார்கள். 1820-ல் லெப்டினன்ட் ஃபேகன் பொலன்னறுவை இடிபாடுகளை விவரித்தார். மேஜர் ஃபோர்ப்ஸ் எழுதிய இலங்கை நூல் 1840-லும், எமர்சன் டெனன்ட்டின் நூல் 1859-லும் வெளியாயின. 1870-களின் தொடக்கத்தில் ஜோசப் லாட்டன் எடுத்த புகைப்படங்களில் தாதுகோபங்கள் (ஸ்தூபிகள்) மரம் முளைத்த குன்றுகளாகத் தெரிகின்றன. 1890-ல் தொல்லியல் ஆணையரான எச்.சி.பி. பெல் முறையான அகழாய்வைத் தொடங்கினார். காட்டை வெட்டித் ‘தொலைந்த நகரைக் கண்டுபிடித்தோம்’ என்பது இவர்களில் பலரின் தொனி. ஆனால் அனுராதபுரத்து வெள்ளரசு மரத்துக்கு வழிபாடும் யாத்திரையும் அந்த நூற்றாண்டுகளிலும் நடந்துகொண்டுதான் இருந்தன. பக்தர்களுக்கு அந்த ஊர் தொலையவே இல்லை. பிறகு வலிசிங்க ஹரிச்சந்திர போன்றவர்கள் புனித பூமியை மீட்க இயக்கம் நடத்தியதும், சுதந்திரத்துக்குப் பின் புதிய நகரம் அமைத்துக் கடைகளையும் வீடுகளையும் அங்கே மாற்றியதும் இந்த வேறுபாட்டிலிருந்து வந்தவையே.

அனுராதபுரம்

அனுராதபுரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்தது. பரப்பு பெரிது, இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. நடந்து முடிக்க முடியாது. வாடகைச் சைக்கிளோ ஆட்டோவோ வேண்டும். யாத்திரிகர்கள் இங்கே அட்டமஸ்தானம் என்னும் எட்டுத் தலங்களை வரிசையாக வழிபடுவார்கள்: ஸ்ரீ மகாபோதி, லோவமகாபாய, ருவன்வெலிசாய, தூபாராமம், மிரிசவெட்டி, அபயகிரி, ஜேதவனாராமம், லங்காராமம்.

ஸ்ரீ மகாபோதி, புத்தகயாவில் புத்தர் ஞானம் பெற்ற மரத்தின் கிளையிலிருந்து வளர்ந்தது என்பது மரபு. கி.மு. 3-ம் நூற்றாண்டில் மன்னன் தேவநம்பிய தீசன் காலத்தில் அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்தார். மனிதர் நட்டதென்று பதிவுள்ள மரங்களில் இதுவே உலகின் மிகப் பழையது என்று சொல்லப்படுகிறது. முதல்முறை வருபவர் பலர் அடிமரம் பருத்த பெரிய ஆலமரம் போன்ற ஒன்றை எதிர்பார்த்து ஏமாறுவதுண்டு. கண்முன் இருப்பது உயரமான மேடைமேல், தங்க நிற வேலிக்குள், மெலிந்த கிளைகளோடு நிற்கும் மரம். கிளைகளைத் தங்கப்பூச்சுள்ள முட்டுகள் தாங்குகின்றன. மரம் சாய்ந்ததால் அரசன் தூண் கொடுத்து நிறுத்தினான் என்று பாஹியானும் எழுதியிருக்கிறார். முட்டுக்கொடுப்பது அன்றே தொடங்கிவிட்டது.

மரத்தைத் தொட முடியாது. மேல்மேடைக்கும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. கீழ்முற்றத்து மணலில் வெள்ளை உடுத்தவர்கள் சுவரைச் சுற்றி அமர்ந்து பிரித் சூத்திரங்களை ஓதுகிறார்கள். காற்றில் ஓர் இலை உதிர்ந்து விழுந்தால் பக்கத்திலிருப்பவர் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புத்தகத்துக்குள் பத்திரமாக வைக்கிறார். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1985-ல், இத்தலத்துக்கு வழிபட வந்த பொதுமக்கள் பலர் தாக்குதலில் கொல்லப்பட்டனர். வாசலில் உடலையும் பையையும் சோதிப்பதற்குப் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது.

மகாபோதியிலிருந்து ருவன்வெலிசாயவுக்குப் போகும் நடைபாதையில் லோவமகாபாய வருகிறது. மன்னன் துட்டகைமுனு ஒன்பது மாடியாகக் கட்டினான் என்று மகாவம்ச வரலாற்று நூல் சொல்லும் பிக்குகளின் மாளிகை இதுதான். இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 1,600 கற்றூண்கள். அதைத் தாண்டியதும் வெண்மையாக எழுகிறது ருவன்வெலிசாய. கி.மு. 2-ம் நூற்றாண்டில் அதே மன்னன் தொடங்கியது. சிதைந்து கிடந்ததை 19-ம் நூற்றாண்டில் புதுப்பிக்கத் தொடங்கி 1940-ல் முடி சூட்டினார்கள். உயரம் சுமார் 100 மீட்டர். அடிமேடைச் சுவரில் யானைகள் தோளோடு தோள் சேர்ந்து நின்று மொத்தத் தாதுகோபத்தையும் சுமப்பதாகச் செதுக்கியிருக்கிறார்கள். மாலையில் ஊரிலிருந்து கூட்டமாக வருபவர்கள் நீண்ட காவித் துணியை ஆளுக்கொரு முழம் பிடித்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, ‘சாது, சாது’ என்று சொல்லியபடி தாதுகோபத்தை வலம்வந்து சுற்றிக் கட்டுகிறார்கள். ஓரமாக நிற்கும் வெளிநாட்டுப் பயணியையும் அழைத்துத் துணியின் ஒரு முனையைக் கையில் கொடுப்பது உண்டு.

ஜேதவனாராமம் இதற்கு நேர்மாறு. வெள்ளை பூசாத செங்கல், கூட்டமும் குறைவு. மகாசேனன் 3-ம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கினான். அப்போது அதன் உயரம் சுமார் 122 மீட்டர். கீசாவின் இரு பெரும் பிரமிடுகளுக்கு அடுத்து உலகிலேயே உயர்ந்த கட்டடம் அதுதான். 9 கோடிக்கு மேல் செங்கல் அதில் அடங்கியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைய உயரம் 71 மீட்டர். அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் அந்தக் காலத்துச் செங்கல் சூளைகளையும் அவற்றுக்கு வெட்டிய விறகையும் பற்றி யோசிக்கத் தோன்றும்.

அபயகிரிப் பகுதி அமைதியாக இருக்கும். வட்டகாமணி அபயன் கி.மு. 1-ம் நூற்றாண்டில் நிறுவிய இந்த விகாரை மகாயானக் கருத்துகளுக்கும் இடம் கொடுத்தது. அதனால்தான் சீனத்திலிருந்தும் வந்து தங்கினார்கள். இங்கே பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, மகாசேனன் மாளிகை எனப்படும் கட்டடத்தின் வாசற்படியில் உள்ள அரைவட்டச் சந்திரவட்டக்கல். அதன் வெளிவளையத்தில் தீச்சுடர், அடுத்து யானை, குதிரை, சிங்கம், காளை ஒன்றையொன்று தொடர்ந்து ஓடுகின்றன. உள்ளே அன்னங்கள், நடுவில் தாமரை. இரண்டாவது, குட்டம் பொகுண என்னும் இரட்டைக் குளம். நீர் முதலில் சிறு தொட்டிகளில் தங்கி, மண்டி படிந்தபின் தெளிந்து குளத்துக்குள் விழும்படி அமைத்திருக்கிறார்கள். மூன்றாவது, தியானத்தில் அமர்ந்திருக்கும் சமாதி புத்தர். 1931-ல் இலங்கை சென்ற ஜவாஹர்லால் நேரு அனுராதபுரத்தின் அமர்ந்த புத்தர் சிலை தம்மைக் கவர்ந்ததையும், மறு ஆண்டு டேராடூன் சிறையில் இருந்தபோது இலங்கை நண்பர் அனுப்பிய அதன் படத்தை மேசைமேல் வைத்திருந்ததையும் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தச் சிலை இதுவே என்பது பரவலான கருத்து.

அபயகிரியை அடுத்து, தமிழ் வணிகர்கள் கூடுவதற்காக அமைத்த மேடையைக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டு ஒன்றும் இருக்கிறது. கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. கப்பல் தலைவன் ஒருவன் உட்பட அவரவர்க்குரிய இருக்கை பெயர்சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது.

மிகிந்தலை

அனுராதபுரத்துக்குக் கிழக்கே 13 கிலோமீட்டரில் மிகிந்தலை. அசோகரின் மகன் மகிந்தர், மான் வேட்டைக்கு வந்த தேவநம்பிய தீசனை இந்த மலையில்தான் சந்தித்தார் என்பது வரலாற்று மரபு. இலங்கையில் பௌத்தம் வேரூன்றியதை இந்தச் சந்திப்பிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். ஜூன் மாதப் பொசன் பௌர்ணமியன்று இலட்சக்கணக்கில் மக்கள் கூடுவது இதன் நினைவாக.

மலைக்கு 1,840 படிகள் என்று சொல்வார்கள். அகலமான கற்படிகள், இருபுறமும் மர நிழல், ஏறுவது கடினமில்லை. பாதி வழியில் உள்ள அன்னதானக் கூடத்தில் இரண்டு நீண்ட கல்தொட்டிகள் கிடக்கின்றன. ஒன்று சோற்றுக்கு, மற்றொன்று கஞ்சிக்கு. ஒரு தொட்டியின் நீளத்தைப் பார்த்தாலே எத்தனை பிக்குகளுக்குச் சமைத்தார்கள் என்பது புரிந்துவிடும். பக்கத்தில் 10-ம் நூற்றாண்டின் நான்காம் மகிந்தன் நிறுத்திய இரு கல்வெட்டுப் பலகைகள். விகாரையில் யார் என்ன வேலை செய்ய வேண்டும், அவர்களுக்கு எவ்வளவு கூலி என்பது வரை அவற்றில் விதியாக எழுதப்பட்டிருக்கிறது. அடிவாரத்தில் பழைய மருத்துவமனையின் அடித்தளமும், நோயாளியை மருந்து எண்ணெயில் கிடத்துவதற்காக மனித உடல் வடிவிலேயே குடைந்த கல்தொட்டியும் உண்டு. தத்துவத்தைப் பற்றி மட்டும் படித்துவிட்டு வருபவருக்கு, ஒரு விகாரை அன்றாடம் எப்படி நடந்தது என்பதை இந்த மலைபோல் சொல்லிக்கொடுக்கும் இடம் வேறில்லை.

உச்சியில் அம்பஸ்தலத் தாதுகோபம். அதன் அருகே ஆராதனைப் பாறை செங்குத்தாக நிற்கிறது. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாறையில் வெட்டிய சிறு படிகளில் வெறுங்காலோடு ஏற வேண்டும். மேலே காற்று பலமாக அடிக்கும். இறங்குபவரும் ஏறுபவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுத்தான் போகலாம். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழேயே நின்றுவிடுவது நல்லது.

தம்புள்ளை

அனுராதபுரத்திலிருந்து கண்டிக்குப் போகும் வழியில் தம்புள்ளை. சமவெளியிலிருந்து சுமார் 160 மீட்டர் எழும் பாறையின் இடுக்கில் ஐந்து குகைக் கோயில்கள். வட்டகாமணி அபயன் ஆட்சியை இழந்து 14 ஆண்டுகள் மறைந்து திரிந்தான். அப்போது அனுராதபுரத்தை ஆண்டவர்கள் புலகத்தன் முதலிய ஐந்து தமிழ்த் தலைவர்கள். ஒளிந்திருந்த காலத்தில் தம்புள்ளைக் குகைகள் அவனுக்கு அடைக்கலம் தந்தன என்றும், அரியணையை மீட்டபின் அவற்றைக் கோயிலாக்கினான் என்றும் மரபு சொல்கிறது. 12-ம் நூற்றாண்டில் மன்னன் நிசங்கமல்லன் சிலைகளுக்குப் பொன்பூச்சு இட்டான். இன்று காணும் ஓவியங்களில் பெரும்பகுதி 18-ம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்திஸ்ரீ ராஜசிங்கன் காலத்தவை. குகைகளுக்கு முன்னால் உள்ள வெள்ளை முகப்பு 1938-ல் கட்டியது. ஒரே இடத்தில் இரண்டாயிரம் ஆண்டு வேலை அடுக்கடுக்காக இருக்கிறது.

முதல் குகையில், பாறையிலேயே செதுக்கிய சுமார் 14 மீட்டர் நீளப் புத்தர் சயனித்திருக்கிறார். இடம் குறுகல், சிலையின் முழு உருவமும் ஒரே பார்வையில் அகப்படாது. பயணிகள் தலையிலிருந்து கால்வரை சுவரோரமாக நகர்ந்து நகர்ந்துதான் பார்க்கிறார்கள். செம்மை பூசிய பாதங்களின் அருகே தாமரையும் நீலோற்பலமும் குவிந்திருக்கும். இரண்டாம் குகை மிகப் பெரியது: நீளம் 52 மீட்டர், ஆழம் 23 மீட்டர். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் சற்று நேரம் எதுவும் தெரியாது. கண் பழகியபின் வரிசையாகச் சிலைகள், அவற்றுக்கு மேலே கூரை முழுக்க ஓவியம். பாறை எங்கே மேடோ, எங்கே பள்ளமோ, அந்த வளைவுக்கு ஏற்பவே தீட்டியிருப்பதால், விரித்துக் கட்டிய சீலை காற்றில் உப்பி நிற்பதுபோல் தோன்றுகிறது. மாரன் படையோடு வந்து புத்தரின் தியானத்தைக் கலைக்க முயலும் காட்சியும், துட்டகைமுனு எல்லாளன் போரும் இங்கே உள்ளன. கூரையிலிருந்து ஓயாமல் சொட்டும் நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்துப் பூசைக்குப் பயன்படுத்துகிறார்கள். கோடையிலும் அந்தச் சொட்டு நிற்பதில்லை என்பது கோயிலார் சொல்வது.

ஓவியங்கள் பழையவை என்பதால் ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாது. ஏறும் வழியில் குரங்குகள் அதிகம். கையில் தின்பண்டம் தெரிந்தால் பறித்துக்கொண்டு ஓடும். பூக்களையும் விட்டுவைப்பதில்லை.

பொலன்னறுவை

993-ல் முதலாம் இராசராசனின் படை அனுராதபுரத்தை வென்றது. 1017-ல் இராசேந்திரன் காலத்தில் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டான். சோழர் பொலன்னறுவையைத் தலைநகராக்கி ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். 1070-ல் முதலாம் விஜயபாகு அதை மீட்டான். ஆனாலும் தலைநகரை மாற்றவில்லை. இன்று அங்கே காணும் பெரும் விகாரைகள் 12-ம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன் ஆகியோர் எழுப்பியவை. அனுராதபுரத்தோடு ஒப்பிட்டால் இவ்வூர் அடக்கமானது. சைக்கிளில் ஒரு நாளில் சுற்றிவிடலாம்.

நகரின் நடுவே உயர்ந்த மேடைமேல் தந்ததாது கோயில் வளாகம் இருக்கிறது. அங்குள்ள வட்டதாகே என்னும் வட்டக் கோயிலில் நான்கு திசை வாசலுக்கும் நேரே நான்கு புத்தர்கள் அமர்ந்திருக்கின்றனர். இதன் சந்திரவட்டக்கல்லில் காளை இல்லை. சைவரின் புனித விலங்கை மிதிபடும் கல்லில் வைக்கக் கூடாது என்று விலக்கினார்கள் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அனுராதபுரத்துக் கல்லை முதலில் பார்த்துவிட்டு வருபவருக்குத்தான் இந்த மாற்றம் கண்ணில் படும். அதே வளாகத்தில் கல்பொத என்னும் கல்வெட்டுப் பாறை கிடக்கிறது. 8 மீட்டர் நீளம், சுமார் 25 டன் எடை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மிகிந்தலையிலிருந்து அதை இழுத்து வந்ததாக நிசங்கமல்லன் அதிலேயே பெருமையோடு பொறித்திருக்கிறான்.

தமிழர் தேடிப் பார்க்க வேண்டிய கல் இதே வளாகத்தில், அட்டதாகே என்னும் கட்டடத்தின் அருகே நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டு. விஜயபாகுவின் மறைவுக்குப் பிறகு, 12-ம் நூற்றாண்டின் முதற்பகுதியில் பொறித்தது. பெரும்பகுதி தமிழ். தந்ததாதுவின் கோயிலைத் தங்கள் உயிரைக் கொடுத்தும் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் உறுதி சொல்கிறார்கள். வலங்கை, இடங்கை, சிறுதனம், வடுகர், மலையாளர் என அப்படையின் பிரிவுகளும் அதில் வருகின்றன. இலங்கைப் பௌத்தத்தின் மிகப் புனிதமான பொருளுக்குத் தமிழ்ப்படை காவல் நின்ற காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இந்தக் கல்லே சான்று. சற்றுத் தள்ளி, இரண்டாம் சிவதேவாலயம் என்று பலகை வைத்திருக்கும் வானவன் மாதேவி ஈச்சரம், சோழர் கட்டிய கற்றளி. தஞ்சை வட்டாரத்துச் சிறு கோயில் ஒன்றைப் பெயர்த்து வைத்ததுபோல் சிதையாமல் நிற்கிறது. முதலாம் சிவதேவாலயத்தில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்த நடராசர், நாயன்மார் செப்புத் திருமேனிகளைக் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் காணலாம்.

வடக்கே போனால் இலங்காதிலகம். 17 மீட்டர் உயரச் சுவர்கள் இருபுறமும் நெருங்கி நிற்க, கூரை இல்லாத அந்த இடுக்கின் முடிவில் தலையிழந்த பெரிய புத்தர். அதற்கும் அப்பால் கல் விகாரை. ஒரே நீண்ட கருங்கற்பாறையில் அமர்ந்த புத்தர், குகைக்குள் அமர்ந்த சிறிய புத்தர், 7 மீட்டர் உயரத்தில் நிற்கும் உருவம், 14 மீட்டர் நீளத்தில் சயனித்த புத்தர் என நால்வர். மார்பில் கை கட்டி நிற்பவர் சீடர் ஆனந்தரா, புத்தரேவா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. சயனச் சிலையில் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. தலையின் பாரத்தால் தலையணை சற்று அமுங்கியிருப்பது கல்லில் தெரிகிறது. இடது பாதம் வலது பாதத்திலிருந்து சற்றே பின்தள்ளி இருக்கிறது. இது உறக்கம் அல்ல, பரிநிர்வாணம் என்பதற்கு அதுவே குறிப்பு. பாறையில் ஓடும் சாம்பல் நிற வரிகள் முகத்தின் மீதும் ஆடை மடிப்பின் மீதும் படர்ந்து செல்வதைச் சிற்பிகள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள்.

அமெரிக்கக் கத்தோலிக்கத் துறவியும் எழுத்தாளருமான தாமஸ் மெர்ட்டன் 1968 டிசம்பர் தொடக்கத்தில் இங்கே வந்தார். ஈரப் புல்லிலும் மணலிலும் வெறுங்காலோடு சிலைகளை நெருங்கிய அந்த நேரம், தாம் அதுவரை தேடியதைக் கண்டுகொண்ட நேரம் என்று நாட்குறிப்பில் எழுதினார். டிசம்பர் 10-ல் பாங்காக் அருகே இறந்துபோனார். அவருடைய ஆசிய நாட்குறிப்பு வெளியானபின், கல் விகாரைக்காகவே பொலன்னறுவை வரும் மேலைநாட்டினர் உண்டு. இன்று சிலைகளுக்கு மேல் இரும்புக் கூரை போட்டிருக்கிறார்கள். மழையிலிருந்து கல்லைக் காக்க அது தேவைதான். ஆனால் தூண்கள் பார்வையை மறைக்கின்றன என்ற குறை பயணிகளிடம் நெடுநாளாக உண்டு.

பாதையை விட்டு விலகி இரண்டு இடங்கள்

நேரம் இருப்பவர்கள் திருகோணமலைப் பக்கம் போகலாம். அங்கே பெரியகுளத்துக்கு அருகில் உள்ள வெல்கம் விகாரையைச் சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று அழைத்தார்கள். வட்டாரத் தமிழர் நாதனார் கோயில் என்பார்கள். 11-ம் நூற்றாண்டில் தமிழ்ப் பௌத்தர்கள் இக்கோயிலுக்கு விளக்கும் பசுவும் தானம் கொடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் இங்கே கிடைத்தன. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் பனந்தோப்பின் நடுவே சிறு சிறு தாதுகோபங்கள் கூட்டமாக நிற்கின்றன. 1917-ல் பால் பீரிஸ் அவ்விடத்தை ஆய்ந்தார். இரண்டு இடங்களிலும் கூட்டம் இருக்காது.

வெயிலும் காலணியும்

எல்லாத் தலங்களிலும் காலணியும் தொப்பியும் கழற்ற வேண்டும். தமிழருக்கு வெறுங்கால் புதிதில்லை. ஆனால் நண்பகலில் அந்தக் கற்பாவிய முற்றங்கள் கொதிக்கும். தாதுகோபத்தைச் சுற்றப் போனவர்கள் பாதி வழியில் நிழல் தேடி ஓடுவது வழக்கமான காட்சி. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும் போவது, இல்லாவிட்டால் ஒரு ஜோடிக் காலுறை வைத்திருப்பது என்பது அனுபவப்பட்டவர்களின் வழி. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். வெள்ளை உடை கட்டாயமில்லை. உடுத்துப் போனால் வரவேற்பு கூடும்.

புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுப்பதை அவமதிப்பாகக் கருதுகிறார்கள். கருவறை முன்னே செல்ஃபி எடுக்கும் பழக்கத்தோடு வருபவர்கள் இங்கேதான் காவலரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோல் படமெடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு 2012-ல் நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் பெண் ஒருவர் 2014-ல் நாடுகடத்தப்பட்டார். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அவருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. சட்டம் பின்னர் துணை நிற்கலாம். பயணம் கெட்டது கெட்டதுதான். பச்சை குத்தியிருப்பவர்கள் அதை மூடிக்கொள்வது எளிய வழி.

பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. மதுவும் இறைச்சியும் விற்கமாட்டார்கள். வெசாக், பொசன் பௌர்ணமி நாட்களில் தங்குமிடம் கிடைப்பது கடினம். சாலை முழுக்க நெரிசல். ஆனால் தன்சல் என்னும் அன்னதானப் பந்தல்களில் இன்னார் இனியார் என்று கேட்காமல் சோறும் குளிர்பானமும் கொடுப்பார்கள். வழிபாட்டை முழு உயிரோடு பார்க்க விரும்புபவர் அந்நாட்களில் வரலாம். சிற்பத்தையும் கட்டடத்தையும் நிதானமாகப் பார்க்க விரும்புபவர் சாதாரண நாளில் வருவதே நல்லது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இப்பகுதியை நனைக்கும். மே முதல் செப்டம்பர் வரை வறட்சி. நுழைவுக் கட்டணம் அவ்வப்போது மாறுகிறது. இந்தியர் உட்பட சார்க் நாட்டவருக்கு அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் சலுகை உண்டு. பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய்க் கேட்டு வாங்க வேண்டும்.

அனுராதபுரத்துக்கும் மிகிந்தலைக்குமாக இரண்டு நாள், தம்புள்ளைக்கு அரை நாள், பொலன்னறுவைக்கு ஒரு நாள் என்பது குறைந்தபட்சக் கணக்கு. கொழும்பிலிருந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டும் சுற்றுலாக்களில் பெரும்பகுதி நேரம் வேனுக்குள்ளேயே கழிந்துவிடும். வரிசையையும் மாற்றாமல் அனுராதபுரத்தில் தொடங்கிப் பொலன்னறுவையில் முடித்தால், சந்திரவட்டக்கல்லில் காளை ஏன் காணாமல் போனது என்பது முதல் வேளைக்காரர் கல்வெட்டு ஏன் தமிழில் இருக்கிறது என்பது வரை எல்லாம் தானாகவே விளங்கும்.